உங்கள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள், அப்பா

யார்க்ஷயர், இங்கிலாந்து,
9.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கயல் எழுதுவது. நான் நலம். நீங்கள், அம்மா, ஆயா, தம்பி எல்லோரும் நலமா? ஆயாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நைட் ட்யூட்டி முடித்துத் தூங்கி எழுந்தால் வெயிலைப் பார்க்காமலே ஒரு நாள் போய்விடுகிறது.

தினமும் வீடியோ காலில் பார்க்கிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன ஞாயிறு பேசும்போது கம்பெனியில் சேர்ந்திருக்கிற பீகார் பையன்களைப் பற்றிச் சொன்னீர்கள். "சொன்னா புரியல, எதுக்கெடுத்தாலும் முழிக்கிறானுங்க, தீபாவளிக்கு லீவு விட்டும் அடுத்த வாரமே இன்னொரு லீவு கேக்கிறானுங்க, நம்மகூட ஒட்டவே மாட்டேங்கிறானுங்க" என்றீர்கள். நான் வாயெடுப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். அந்தக் கடைசி வார்த்தை வாரம் முழுக்க என்னை விடவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை இங்கே என்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்று இத்தனை நாள் மறைத்தேன். இப்போது சொல்கிறேன்.

2022ல் நான் வந்த புதிதில் பத்து இடங்களில் ஒவ்வொன்றாகச் செய்து காட்ட வேண்டிய ஒரு செய்முறைத் தேர்வில் தேறும் வரை பதிவு பெற்ற நர்ஸாக வேலை செய்ய முடியாது. அது முடிந்து வார்டில் சேர்ந்த முதல் நாள், பின்னாலிருந்து யாரோ "முனுசாமி!" என்று கூப்பிட்டார்கள். நீங்கள்தான் எங்கேயோ நிற்கிறீர்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? மு. கயல்விழி, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப உங்கள் பெயரைப் போட்டோம். இங்கே அதுதான் என் பெயராகிவிட்டது. அப்புறம் அதுவும் நீளம் என்று "முனு" ஆனது. "கயல்விழி" வாயில் வரவில்லை என்று ஒருத்தர் "கே" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆறு மாதம் நான் "கே"யாகவே இருந்தேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் ட்யூட்டி முடிந்து அறைக்கு வந்ததும், என் பெயரை நானே ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன்.

இத்தனைக்கும் இங்கே எங்கள் சட்டையில் குத்தியிருக்கும் மஞ்சள் அட்டையில் "வணக்கம், என் பெயர்..." என்றுதான் எழுதியிருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. கேட் கிரேஞ்சர் என்று இதே யார்க்ஷயரில் ஒரு டாக்டர் இருந்தார். அவருக்குப் புற்றுநோய் வந்து கட்டிலில் படுத்திருந்தபோது, வந்து பார்த்த பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அது அவருக்கு அவ்வளவு வலித்தது. 2013ல் அவர் ஆரம்பித்த இயக்கம்தான் இந்த அட்டை. 2016ல், 34 வயதில் இறந்துவிட்டார். நோயாளிக்கு நம் பெயரைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர் காட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்று வேலை செய்கிறவளின் பெயரைக் கேட்பதும் அதே அளவு பெரிய விஷயம் அப்பா.

என் பெயரைக் கேட்டவர் ஒரு அக்கா. ஜமைக்கா வம்சாவளி, இங்கேயே பிறந்தவர். "உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார்?" என்றார். "கயல்" என்றேன். நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறுநாள் வார்டு மேனேஜரிடம் சொல்லி அட்டையை மாற்ற வைத்தார். "ழி" இன்னும் யாருக்கும் வரவில்லை. பரவாயில்லை, கயல் போதும்.

"ஒட்ட மாட்டேன் என்கிறாள்" என்று எழுதியது அந்த முதல் வருட மதிப்பீட்டில். தன்னம்பிக்கை போதாது, பேசுவதில்லை என்றும் இருந்தது. ஏன் தெரியுமா? டாக்டர் வந்தால் நான் எழுந்து நின்று, கேட்டால் மட்டும் பதில் சொல்வேன். நமக்கு அது மரியாதை. இங்கே அதை "இவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று எடுத்துக்கொண்டார்கள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் நமக்கு "சரி", இவர்களுக்கு "இல்லை". "நேரம் கிடைத்தால் பார்க்கிறாயா?" என்று சிஸ்டர் (இங்கே மூத்த நர்ஸைத்தான் அப்படிச் சொல்வார்கள்) கேட்டால் இப்போதே செய் என்று பொருள். நானோ கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுச் செய்தேன். அவர்கள் கண்ணுக்கு நானும் முழிக்கிறவள்தான்.

இன்னொன்று. ஓய்வு அறையில் நானும் ஒரு கேரளப் பெண்ணும் தமிழும் மலையாளமும் கலந்து பேசிக்கொண்டு சாப்பிட்டோம். இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று ஒருத்தர் புகார் கொடுத்துவிட்டார். நோயாளி முன்னால் இங்கிலீஷ் வேண்டும் என்பது நியாயம், அவர் உயிர் விஷயம் அது. முழங்கைக்குக் கீழே வளையல் கூடாது என்றதும் நான் மறுபேச்சு இல்லாமல் கழற்றினேன், கிருமி பரவும் என்ற காரணம் இருக்கிறது. சாப்பாட்டு வேளையில் தாய்மொழி பேசினால் யாருக்கு என்ன கெடுதல்? மேனேஜர் விசாரித்து அப்படியொரு விதி கிடையாது என்று சொன்னார். அதற்குள் மூன்று வாரம் நாங்கள் பேசாமல் சாப்பிட்டோம்.

வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் அவரவர் ஊர்ச் சாப்பாடு கொண்டுவருவார்கள். நான் சீரகச் சம்பா வாங்கி ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் செய்துகொண்டு போனேன். வழித்துச் சாப்பிட்டுப் புகழ்ந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நான் உணர்ந்தது அன்றைக்கு இல்லை. பொங்கலுக்கு லீவு கேட்கத் தயங்கியபோது, அந்த ஜமைக்கா அக்கா "நீ என் கிறிஸ்மஸ் ட்யூட்டியைப் பார், உன் பொங்கலை நான் பார்க்கிறேன்" என்று ட்யூட்டி பட்டியலை மாற்றினாரே, அன்றைக்குத்தான்.

அந்த அக்காவின் அம்மாவும் நர்ஸ், 1960களில் வந்தவர். அரசு மருத்துவச் சேவை இங்கே 1948 ஜூலையில் தொடங்கியது, ஆள் போதாமல் கரீபியன் தீவுகளிலிருந்து பெண்களை வரவழைத்தார்கள். வந்தவர்களில் பலரை மூன்று வருடப் படிப்பில் சேர்க்காமல் இரண்டு வருடப் படிப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அதைப் படித்தால் மேலே ஏற முடியாது. அந்த அம்மாவும் கடைசி வரை அதே படியில்தான் இருந்தாராம். வேலை கொடுப்பதில் நிறம் பார்ப்பது தவறு என்று சட்டம் வந்ததே 1968ல்தான். இன்று இங்கிலாந்தில் இந்தச் சேவையில் நாலில் ஒருவருக்கு மேல் எங்களைப் போன்ற சிறுபான்மையினர். 2015லிருந்து ஒவ்வொரு வருடமும் மருத்துவமனைகள் யாருக்குப் பதவி கிடைத்தது, யார் மேல் நடவடிக்கை எடுத்தார்கள் என்று இனவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். நேர்முகத் தேர்வு வரை வந்தவர்களில் வெள்ளையர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம் என்று அந்தக் கணக்கே சொல்கிறது. குறையை மறைக்காமல் எழுதி வைக்கிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நானும் சிஸ்டர் பதவிக்குப் போட்டு ஒரு தரம் தோற்றேன். காரணம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "நாங்கள் செய்தோம்" என்று சொன்னாய், நீ என்ன செய்தாய் என்று தெரியவில்லை என்றார்கள். "நான், நான்" என்று சொல்லாதே என்றுதானே அப்பா நம் வீட்டில் வளர்த்தீர்கள்? அடுத்த மாதம் மறுபடி போகிறேன். அக்கா தினமும் கேள்வி கேட்டுப் பழக்குகிறார்.

இப்போது நம் ஊர் விஷயம். வேலூரில் படிக்கும்போது ஹாஸ்டலில் மிசோரம் பெண் ஒருத்தி இருந்தாள். அவளை எல்லோரும் "சைனாக்காரி" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். அவள் பெயர் இன்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை அப்பா. அது என்னை உறுத்துகிறது.

சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம், காந்தி ரோட்டில், தோட்டப்பாளையத்தில் நடந்து பாருங்கள். கடைக்குக் கடை வங்காள எழுத்தில் போர்டு. ஆட்டோக்காரர் "கோதாய் ஜாபேன்?" என்று கேட்பார். வைத்தியத்துக்குப் பணத்தோடு வருகிறவருக்காக நாம் அவர் பாஷையைக் கற்றுக்கொண்டோம். ராணிப்பேட்டை சிப்காட்டில் நம்மிடம் வேலைக்கு வருகிறவன் மட்டும் வந்த மறுநாளே நம் பாஷை பேச வேண்டும் என்கிறோம். ஷூவின் மேல்பாகம் தைக்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பையனுக்கு நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, அர்த்தம் பிடிபட ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியைத்தான் முழிக்கிறான் என்கிறோம். எனக்கும் அந்த நொடி தேவைப்பட்டது.

அவர்கள் கேட்ட லீவு சட் பூஜைக்கு. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும். அவர்களுக்குப் பொங்கல் மாதிரி. தண்ணீரில் நின்று சூரியனைத்தான் கும்பிடுகிறார்கள். இந்த வருடம் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் ஒரு ஞாயிறு ஈடு செய்யச் சொல்லி லீவு கொடுக்க முடியுமா என்று மேனேஜரிடம் பேசிப் பாருங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

அடுத்த மாதம் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி சென்னைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாள். தம்பியிடம் ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ கொடுத்து அனுப்புங்கள், வார்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆயாவுக்கு வெந்நீர்ப் பை அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தப் பையன்களிடம் ஒவ்வொருத்தனாகப் பெயர் கேளுங்கள் அப்பா. வீட்டில் அம்மா எப்படிக் கூப்பிடுவாள் என்றும் கேளுங்கள். அடுத்த ஞாயிறு போனில் எனக்கு எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்,
மு. கயல்விழி