விடுமுறை இணையப் பாதுகாப்புப் பயிற்சி: பெயர் கொடுக்கவும்

ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி ஜூன் 6, சனிக்கிழமை, காலை 9 முதல் மதியம் 1 வரை நம் பள்ளிக் கணினி அறையில் நடக்கும். விடுமுறையிலும் கூப்பிடுகிறோமே என்று கோபிக்காதீர்கள். பள்ளி நாளில் இதற்கு எங்கே நேரம்?

போன மாதம் நம் குழுவில் ஒருவரின் வாட்ஸ்அப் பறிபோய், அவர் பெயரில் 500 ரிங்கிட் கைமாற்று கேட்டு வந்தது நினைவிருக்கும். குறுஞ்செய்தியில் வந்த 6 இலக்க வாட்ஸ்அப் சரிபார்ப்பு எண்ணை, தெரிந்தவர்தானே கேட்கிறார் என்று அனுப்பியிருக்கிறார், பாவம். கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பும் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) அதே ரகம்தான். அதை நிறுவினால் குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணை (வங்கிப் பரிவர்த்தனைக்கான அனுமதி எண்) திருடன் படித்துவிடுவான்.

1. கைப்பேசி, சார்ஜர் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை அங்கேயே போட்டுவிடலாம்.
2. டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும். அதை எழுதி மானிட்டரில் ஒட்டியிருப்பவர்கள் இன்றே கிழித்துவிடுங்கள் (யாரென்று சொல்லமாட்டேன்).
3. மாணவர் படங்களை டிக்டாக்கில் போடுவது பற்றியும் பேசுவோம். கேள்விகளை எனக்குத் தனியாக அனுப்பலாம்.
4. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), தேநீர் உண்டு. சைவம் என்றால் சொல்லவும்.

புதன் இரவுக்குள் பெயரும் பள்ளியும் பதில் போடுங்கள். கணினி 20 மட்டுமே.

அப்புறம், அதற்குள் யாராவது பணத்தைப் பறிகொடுத்தால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே வங்கிக்கோ 997-க்கோ (தேசிய மோசடி உதவி மையம்) அழையுங்கள்.