கடற்கரைச் சாலையில் நடப்பவர்களே, கடைசிப் பத்து நிமிடம் நில்லுங்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலை நடக்கும் எல்லாக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் இடையே நீங்கள் நடக்கும் நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் கீழே விழாமல் காக்க அது மட்டும் போதாது. சமமான சாலையில் நேராக நடக்கும்போது உடம்புக்குத் தடுமாறிச் சமாளிக்கும் வேலையே வருவதில்லை. நாம் விழுவது வேறு இடங்களில்: வாசல் தெளித்த ஈரத்தில், நிலைப்படியில், பாத்ரூமில், யாரோ கூப்பிட்டதும் சட்டென்று திரும்பும்போது. சமநிலைப் பயிற்சியோடு எழுந்து உட்காருவது போன்ற பயிற்சிகளையும் செய்யும் முதியவர்கள் விழுவது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. அதனால்தான் கேட்கிறோம்: வாரத்தில் மூன்று நாளாவது, நடை முடிந்ததும் பத்து நிமிடம் நின்று இவற்றைச் செய்யுங்கள்.

உறுதியான கம்பியையோ தூணையோ பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்குங்கள். இரண்டு எண்ணிக்கையில் மேலே, மூன்று எண்ணிக்கையில் கீழே. பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து முறை. பலர் உடம்பை முன்னால் சாய்த்துக் கையால் தொங்குகிறார்கள். அப்போது கெண்டைக்கால் வேலை செய்வதே இல்லை. எடை கட்டைவிரல் அடியில் இறங்க வேண்டும், சுண்டுவிரல் பக்கம் சரிந்தால் கணுக்கால் பிசகும். அடுத்து குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், அதுவும் பத்து. பேவர் கல்லில் கால் தட்டுவது கண் பார்க்காததால் மட்டும் அல்ல. முன்பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்து, விரல் நுனி தரையை உரசுவதாலும்தான்.

பிறகு ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டி, ஒரே கோட்டில் நில்லுங்கள். கை கம்பிக்கு அருகிலேயே இருக்கட்டும். பத்து விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் ஆபத்து அதிகம். அவர்கள் பக்கத்தில் ஒருவர் நின்றாக வேண்டும். மூச்சை அடக்காதீர்கள். கடைசியாக, பெஞ்சிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இதற்கெல்லாம் முன்னால் பாதத்தைப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு நாள் ஒருவருக்கொருவர் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தாதீர்கள், தடவாதீர்கள், தட்டாதீர்கள். அழுத்தினால் மரத்த விரலும் தெரிந்ததாகச் சொல்லிவிடும். எந்தக் கால் என்று அவரே சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அப்படிப்பட்டவர் மணலிலும், கோயில் பிராகாரத்திலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சுட்டாலும் குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

தினமும் விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள், இல்லையென்றால் சேற்றுப்புண் வரும். தேங்காய் எண்ணெய் குதிகாலுக்கு மட்டும், இடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைக் குடைந்தால் நகம் சதைக்குள் வளரும். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். சர்க்கரை இருந்தால் ஆணி பிளாஸ்திரியும் கூடாது, அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். புண் இருந்தால் அன்றே மருத்துவமனை. ஆறும்வரை நடையும் இல்லை, மேலே சொன்ன பயிற்சியும் இல்லை.

ஹவாய் செருப்பில் நடைப்பயிற்சி வேண்டவே வேண்டாம். அது கழலாமல் இருக்க விரல்கள் ஓயாமல் இறுக்கிப் பிடிக்கின்றன, அடி குறுகிவிடுகிறது. பின்பட்டை உள்ள செருப்பாக, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு, கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள், மணலும் சிறு கல்லும் இருக்கும்.

ஏழரைக்குச் சாலையில் வண்டிகள் வந்துவிடும். ஏழு மணிக்கே நடையை நிறுத்தினால் பயிற்சிக்கு நேரம் தாராளமாக இருக்கும். ஒவ்வொரு குழுவிலும் எண்ணிக்கை சொல்ல ஒருவரையும், தடுமாறுபவர் அருகில் நிற்க ஒருவரையும் வரும் திங்களுக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியின் இயன்முறை மருத்துவர்களும் பாதப் பராமரிப்புச் செவிலியர்களும் சிலர்