சந்தா பாக்கியும் கல்லறைத் தோட்டமும்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் குருசேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் ஆராதனை அறிவிப்புகளில், சபைச் சந்தா பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓலையும் (ஆராதனையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கமாட்டோம் என்று சொல்லப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். பெயர் எதுவும் வாசிக்கவில்லையாம். காட்பாடியில் ஒரு மாடி வீட்டில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற எங்களைத்தான் சொல்கிறீர்கள் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குப் புகைவதைவிட ஊரறிய எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நாங்கள் உபதேசம் பிடிக்காமல் சபையை விட்டுப் போனவர்கள் இல்லை. பெந்தெகொஸ்தேகாரரும் ஆகிவிடவில்லை. கமிட்டித் தேர்தல் வந்தால் இரண்டு அணி, இரண்டு நோட்டீஸ், முடிந்தபின் வழக்கு. அது ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. ஒரே பெஞ்சில் பல வருஷம் உட்கார்ந்த ஒருவருக்கு ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் வேலை போனது எங்களுக்குத் தெரியவே இல்லை. அவர் மகன் படிப்பை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. நர்ஸ் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நைட் ஷிப்ட் முடிந்து காலை ஆராதனைக்கு வந்தால் பிரசங்கத்தில் தூக்கம்தான். இப்போது அவர்கள் சாயங்காலம் வருகிறார்கள். பாயில் உட்கார்ந்து இரண்டு கீர்த்தனை, ஒரு அதிகாரம், பிறகு யாருக்கு என்ன கஷ்டம் என்று ஒவ்வொருவராகச் சொல்வது, ஜெபம், டீ, சுண்டல். சொல்லி முடிக்கவே சில நாள் இரவு ஒன்பது ஆகிவிடும். குரு இல்லாமல் நாங்களே திருவிருந்து அப்பம் பிட்கிறோம் என்பதுதான் உங்களுக்கு வருத்தம் என்று கேள்வி. ஆமாம், பிட்கிறோம்.

சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்கிற எபிரெயர் வசனத்தை எங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டுகிறீர்கள். அதை முதலில் கேட்டவர்களுக்குக் கோபுரமும் மணியும் இருந்தனவா? ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டிலும் பிலேமோன் வீட்டிலும் கூடிய சபைகளுக்குப் பவுல் வாழ்த்து எழுதியிருக்கிறார். அவ்வளவு தூரம் போகவேண்டியதுகூட இல்லை. நம் திருப்பத்தூரில் 1921இல் டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பித்தார்கள். மிஷன் பங்களா வாழ்க்கை வேண்டாம் என்று எளிமையாக இருந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் திருச்சபையை விட்டுப் போகவில்லை, அதனால் எங்கள் பக்கத்துச் சாட்சியாக அவர்களை இழுக்கவில்லை. கிறிஸ்தவ வாழ்க்கைக்கு ஒரே அமைப்புதான் என்று இந்த வடஆற்காடு எந்தக் காலத்திலும் சொன்னதில்லை, அதற்காகத்தான் சொல்கிறேன்.

வீட்டுக் கூட்டத்தின் குறைகளும் எங்களுக்குத் தெரியும். பேச்சு வன்மை உள்ள ஒருவர் மெல்ல மெல்லக் குட்டிப் போப்பாகிவிடலாம். உங்களுக்காவது ஆடிட்டர் இருக்கிறார், எங்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுதான். நாங்கள் கூடுகிற வீட்டில் இருப்பவர்கள் வேறு இடத்துக்கு மாறினால் சபையும் மாறவேண்டும். எங்களில் சிலர் உங்களைக் ‘கட்டடச் சபை’ என்று இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது, அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

கல்யாண விஷயத்தில் எங்கள் பாடு இதுதான். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, அபிஷேகம் பெற்ற குருவோ, சட்டப்படி உரிமம் பெற்றவரோ, திருமணப் பதிவாளரோதான் கல்யாணம் நடத்திவைக்க முடியும். எங்கள் மூப்பர் தாலி எடுத்துக் கொடுத்தால் அது செல்லாது. பதிவாளரிடம் போகலாம், பிள்ளைகள் சரி என்பார்கள். பாட்டிமார்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கல்லறை அதைவிடப் பெரிய விஷயம். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் சேர்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவை ஊருக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டவை. உயிரோடு இருந்தபோது தெரு தனி, செத்தபின் சுடுகாடு தனி. அப்படி வந்தவர்களுக்குச் சபையின் கல்லறைத் தோட்டம் என்பது வெறும் ஆறடி நிலம் இல்லை. என் மாமியாரும் மாமனாரும் அங்கேதான் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தன் அம்மா பக்கத்தில் இடம் வேண்டும் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். சந்தா ரசீதைக் காட்டினால்தான் அது நடக்கும் என்றால், நம் பாட்டன்மார் பட்டது போதாதா ஐயா?

எங்களைச் சபை ஓட்டர் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆட்சேபணை இல்லை. ஓட்டும் வேண்டாம், பதவியும் வேண்டாம். கல்லறைக் குழிக்கட்டணமும் வருஷப் பராமரிப்புத் தொகையும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள், சந்தாவோடு சேர்க்காமல் தனி ரசீது போடுங்கள், கட்டிவிடுகிறோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் முள் வெட்டிச் சுண்ணாம்பு அடிக்க எங்கள் பையன்கள் வருவார்கள். கல்யாணத்துக்கு, ஞானஸ்நானப் பதிவு உங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டுமாவது ஓலை வாசியுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முழுதாக வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும், வந்து பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பழைய அங்கத்தினர் ஒருத்தி,
காட்பாடி