மேரி அரசியைக் காட்டிக்கொடுத்த பீப்பாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட்டையும் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் மேரியையும் ஒருவரென்றே பலர் நினைக்கிறார்கள். இருவரும் கத்தோலிக்கர், குழப்பம் அதனால்தான். 'இரத்த மேரி' எனப்பட்டவர் பின்னவர்; 1558இல் நோயில் இறந்தார். தலை வெட்டப்பட்டவர் ஸ்காட்லாந்து மேரி.

பிறந்த 6ஆம் நாளே அரசியானவர் அவர். 1567இல் முடி துறக்க வைக்கப்பட்டு, மறு ஆண்டு இங்கிலாந்து அரசி எலிசபெத்தை நம்பி இங்கிலாந்துக்குப் போய், ஏறத்தாழ 19 ஆண்டு காவலில் கிடந்தார்.

அவரைக் கொன்றது சங்கேத எழுத்தின் பலவீனம் என்றே சொல்வேன். அவர் காவலில் இருந்த சார்ட்லி மாளிகைக்கு வந்த பீர்ப் பீப்பாய் அடைப்பில் அவருடைய இரகசியக் கடிதங்கள் ஒளிந்து போயின. கொண்டுபோனவர்களோ எலிசபெத்தின் உளவுத் தலைவர் வால்சிங்கமின் ஆட்கள். எலிசபெத்தைக் கொன்று மேரியை அரியணை ஏற்றத் திட்டமிட்ட பாபிங்டன் சதியின் சங்கேதத்தில் ஓர் எழுத்துக்கு ஒரே குறி. பொருளே இல்லாத ஏமாற்றுக் குறிகள் வெறும் 4. எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணினாலே பூட்டு திறந்துவிடும். வால்சிங்கமின் சங்கேத நிபுணர் பெலிப்ஸ் அப்படித்தான் திறந்தார். 1586 ஜூலை 17ஆம் தேதியிட்ட பாபிங்டனுக்கான மேரியின் பதிலை நகலெடுத்து, அதில் மரணத்தின் அடையாளமாகத் தூக்குமரமும் வரைந்தார். போதாதென்று, எலிசபெத்தைக் கொல்லவிருந்த 6 பேரின் பெயரைக் கேட்டு ஒரு பின்குறிப்பையும் போலியாகச் சேர்த்தார். இந்த மோசடியைச் சொல்லாமல் சதியை மட்டும் எழுதுவது நியாயமல்ல.

1587 பிப்ரவரி 8, ஃபாதரிங்கே கோட்டையில் மேரிக்கு மரண தண்டனை. முதல் வெட்டு பின்தலையில் விழுந்தது. இரண்டாவதிலும் ஒரு நரம்பு அறாமல் நின்றது. தலையைத் தூக்கியபோது பொய்முடி மட்டும் கையோடு வந்தது. பாவாடைக்குள் பதுங்கியிருந்த அவருடைய நாய்க்குட்டி உடலைவிட்டு நகர மறுத்தது.

இப்படிக்கு,
வாசகர்