டிஷ்வாஷரின் சாஃப்ட்னர் பழுதுக்கு எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குற்றம் சாட்டி வாரண்டியை மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மேல்நிலைப்பள்ளி வேதியியல் ஆசிரியை,
மேடவாக்கம், சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்கள்.

பொருள்: பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் (டிஷ்வாஷரில்) கடின நீரை மென்மையாக்கும் பகுதியான சாஃப்ட்னர் வேலை செய்யாததால் ஹீட்டர் பழுதானது, வாரண்டியில் பழுது நீக்க மறுத்தது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2023 மே மாதம் உங்கள் நிறுவனத்தின் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை 42,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டு ஆண்டு முழு வாரண்டிக் காலத்துக்குள்ளேயே பழுது வந்துவிட்டது. இப்போது இயந்திரம் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் சூடாவதில்லை. சாம்பார் வாளியில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே நிற்கிறது. எவர்சில்வர் டம்ளர்கள் திருநீறு பூசியதுபோல் வெளியே வருகின்றன. பார்க்க வந்த உங்கள் டெக்னீஷியன் சர்வீஸ் அறிக்கையில் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணீரின் தரத்தால் ஏற்பட்ட பழுது, வாரண்டி பொருந்தாது." ஹீட்டரும் பம்ப்பும் ஒன்றாக இணைந்த பாகத்தை மாற்ற 11,800 ரூபாய் கேட்கிறீர்கள். இந்த ஒரு வரியை நான் ஏற்கவில்லை. அது ஏன் தவறு என்பதைச் சான்றுகளோடு எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் பகுதித் தண்ணீர் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீர்தான். அதை நான் ஒருநாளும் மறைக்கவில்லை. போர் தண்ணீரும் கோடையில் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து வருகிற குடியிருப்பு இது. விற்பனையாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே இதைப் பற்றித்தான். இயந்திரத்துக்குள்ளேயே சாஃப்ட்னர் இருக்கிறது, உப்புப் போட்டால் போதும், கவலையே வேண்டாம் என்றார். உங்கள் விளம்பர ஏட்டிலும் அதுவே முதல் சிறப்பாக அச்சிடப்பட்டிருக்கிறது. அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

சாஃப்ட்னர் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் உங்கள் சேவைப் பிரிவு அதை மறந்துவிட்டதுபோல் நடந்துகொள்வதால் சொல்கிறேன். உள்ளே வரும் தண்ணீர் ரெசின் மணிகளின் வழியாகப் போகும்போது அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகளை ரெசின் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. ரெசினின் பிடிப்புத் திறனுக்கு எல்லை உண்டு. அது நிரம்பியதும் இயந்திரம் ஒரு வால்வைத் திறந்து, உப்புத் தொட்டியிலிருந்து அடர்ந்த உப்புக் கரைசலை ரெசின் வழியாகச் செலுத்த வேண்டும். அப்போது கால்சியமும் மெக்னீசியமும் கழிவுநீரோடு வெளியேறி, ரெசின் மீண்டும் புத்துயிர் பெறும். இந்த வால்வு திறக்காவிட்டால் உப்புத் தொட்டி நிறைந்திருந்தும் பயனில்லை. சில நாட்களிலேயே ரெசின் நிரம்பி, வெளியே வருகிற கடின நீர் அப்படியே ஹீட்டருக்குப் போய்ச் சேரும்.

எங்கள் இயந்திரத்தில் நடந்தது இதுதான். பொருத்திய நாளிலேயே நீங்கள் தந்த சோதனைத் தாளைக் கொண்டு கடினத்தன்மையைப் பார்த்து, கையேட்டில் உள்ளபடி அளவைப் பதிவு செய்தவர் உங்கள் ஆள்தான். அயோடின் சேர்த்த சமையல் உப்பு ஒருபோதும் போடவில்லை. டிஷ்வாஷருக்கென்றே விற்கும் உப்பைத்தான் போட்டேன். இவ்வளவு கடினமான தண்ணீருக்கு, தினமும் ஓடுகிற இயந்திரத்தில், ஓரிரு மாதங்களில் உப்பு தீர்ந்து சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த விளக்கு எரியவே இல்லை. சந்தேகம் வந்து மூடியைத் திறந்தபோது, உப்பு வாய்வரை அப்படியே இருந்தது. அன்றே உங்கள் சேவை எண்ணை அழைத்து இதைச் சொன்னேன். உப்பு குறையவில்லை என்றால் உங்களுக்குச் செலவு மிச்சம்தானே என்று மறுமுனையில் பதில் வந்தது. அந்த ஒரு பதில் என்னை எவ்வளவு புண்படுத்தியது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். வேலை செய்யவேண்டிய ஒரு பாகம் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் தானே கண்டுபிடித்துச் சொன்ன பிறகும், அதைக் காதில் வாங்கும் ஆள் உங்களிடம் இல்லை.

பிறகு டெக்னீஷியன் வந்தார். சுண்ணாம்புப் படிவை நீக்கும் பொடியைப் போட்டு ஒருமுறை ஓட்டினார். அதற்குக் கட்டணமும் வாங்கினார். சாஃப்ட்னரைத் திறக்கவில்லை, வால்வுக்கு மின்சாரம் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. உப்பு குறையவில்லை என்று நான் சுட்டிக்காட்டியதை அறிக்கையில் எழுதவும் இல்லை. என் மாணவர்கள் வயதுடைய இளைஞர் அவர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய கருவி ஒரு திருப்புளியும் நான்கு பொடிப் பாக்கெட்டும்தான். படிவைக் கரைத்துவிட்டால் பழுது தீர்ந்தது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள். படிவு எதனால் வருகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதன் விளைவு, அடுத்த சில மாதங்களில் ஹீட்டர் போய்விட்டது.

ஹீட்டர் ஏன் போனது என்பதும் தெளிவானதுதான். கடின நீர் சூடாகும்போது அதிலுள்ள பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகச் சூடான பரப்பின்மீது படிகிறது. படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே உருவாகும் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் ஹீட்டரிலேயே தேங்கும். பாதுகாப்பு இணைப்பு துண்டிக்கப்படும், அல்லது ஹீட்டரே எரியும். டம்ளரின்மீது இருந்த வெள்ளைப் பூச்சின்மீது நான் வினிகர் விட்டேன், நுரைத்துக் கரைந்தது. டம்ளரின் பரப்பே அரித்துப் போயிருந்தால் அமிலத்துக்கு அது மறைந்திருக்காது. ஆகவே அது சுண்ணாம்புப் படிவுதான். சாஃப்ட்னர் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் படிவு இந்த அளவுக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை.

இதை வாய்ப்பேச்சாக விட எனக்கு மனமில்லை. எங்கள் பள்ளி ஆய்வகத்தில், மேனிலை மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிற, தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் ஈடிடிஏ தரம்பார்த்தல் முறையிலேயே இரண்டு மாதிரிகளைச் சோதித்தேன். முதலாவது, சமையலறைக் குழாய்த் தண்ணீர். இரண்டாவது, இயந்திரத்துக்குள் சாஃப்ட்னர் வழியாக வந்து சேர்ந்த தண்ணீர். பாத்திரம் கழுவும் பொடியில் கால்சியத்தைக் கட்டிப்போடும் பொருட்கள் கலந்திருக்கும் என்பதால் பொடியும் பாத்திரமும் இல்லாமல் முன்கழுவலை ஓட்டி, பழைய தண்ணீர் முழுவதும் வெளியேறிய பின், மறுமுறை நிரம்பியபோது நிறுத்தி அடியிலிருந்து எடுத்தேன். குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம். இயந்திரத்துக்குள் இருந்த தண்ணீரில் 468. சாஃப்ட்னர் வேலை செய்திருந்தால் இதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டு குடுவைகளிலும் ஒயின் சிவப்பு நிறம் நீலமாக மாறுவதற்கு (அதுதான் சோதனையின் முடிவுப் புள்ளி) ஏறக்குறைய ஒரே அளவு ஈடிடிஏ கரைசல் செலவானது. உங்கள் சாஃப்ட்னர் எங்கள் தண்ணீரை மென்மையாக்கவே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

இனி, தண்ணீரின் தரம் என்கிற உங்கள் வாதத்தையும் பார்ப்போம். இந்தியக் குடிநீர்த் தரக் குறியீடான ஐஎஸ் 10500, கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைக்கிறது. எங்கள் 480 இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. உங்கள் கையேடு ஜெர்மன் பாகையில் அளவு சொல்கிறது; ஒரு பாகை என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.8 மில்லிகிராம். அந்தக் கணக்கில் எங்கள் தண்ணீர் 27 பாகை. இயந்திரம் 50 பாகை வரை தாங்கும் என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். உங்கள் சொந்த எல்லையில் ஏறக்குறைய பாதியில் இருக்கிற தண்ணீரை எப்படி நீங்கள் பழுதுக்குக் காரணமாக்க முடியும்? கடின நீரைக் கையாளத்தான் சாஃப்ட்னர். அந்த சாஃப்ட்னர் பழுதானதால் வந்த சேதத்துக்கும் கடின நீர்தான் பொறுப்பு என்றால், சென்னையின் புறநகரில் வாழ்கிற யாருக்குமே உங்கள் வாரண்டி செல்லாது என்றுதான் பொருள். அப்படியானால் அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பராமரிப்பில் குறை என்று அடுத்து சொல்லக்கூடும் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். அடியிலுள்ள வடிகட்டியை வாரந்தோறும் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுகிறேன். சுழன்று தண்ணீர் பீய்ச்சும் கைகளின் துளைகளில் கடுகும் சீரகமும் போய் அடைத்துக்கொள்ளும். அவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். தண்ணீர் உள்ளே வரும் குழாயின் வாயில் உள்ள வலையில் போர் மணல் சேரும், அதையும் பார்க்கிறேன். முருங்கைக்காய்ச் சக்கையையும் கறிவேப்பிலையையும் தட்டிக் கொட்டாமல் எந்தத் தட்டும் எங்கள் வீட்டில் உள்ளே போவதில்லை. காரத்தன்மை (அல்கலி) கொண்ட கழுவும் பொடியில் கறுத்துவிடும் என்பதால் அலுமினியப் பாத்திரம் வைப்பதில்லை, இரும்புத் தோசைக்கல் வைப்பதில்லை. வடிகட்டியைத் திறந்து பார்த்த உங்கள் டெக்னீஷியனே சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். அது மட்டும் அறிக்கையில் இல்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஹீட்டரைப் பற்றிப் பேசி முடித்த கையோடு, குழாயில் மாட்டும் ஒரு கார்ட்ரிட்ஜை வாங்கிக்கொள்ளச் சொல்லி விலைப்பட்டியல் நீட்டினார்கள். அதன் அட்டையைப் படித்தேன். உள்ளே இருப்பது பாலிபாஸ்பேட். அது கால்சியத்தை நீக்குவதில்லை, படியாமல் சிறிது காலம் தடுத்துவைக்கிறது, அவ்வளவுதான்; தண்ணீர் நன்றாகச் சூடாகும்போது அந்தத் திறனும் குறைந்துவிடும். கடின நீரை மென்மையாக்கும் என்று சொல்லி அதை விற்பது சரியல்ல. பழுதான பாகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், அதற்கு மாற்றாக இன்னொரு பொருளை விற்க முயல்வது ஒரு பெரிய நிறுவனத்துக்கு அழகல்ல.

உதிரி பாகங்களைக் கேட்டால் கடைகளில் விற்பதில்லை, எங்கள் ஆள் வழியாகத்தான், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, டிஷ்வாஷரின் பம்ப், ஹீட்டர், வால்வு போன்றவற்றைப் பழுதுபார்ப்பவர்களுக்கு ஏழு ஆண்டுகளும், கதவு ரப்பர், பீய்ச்சும் கைகள், கூடைகள் போன்றவற்றை வீட்டு உபயோகிப்பாளர்களுக்குமே பத்து ஆண்டுகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். கேட்ட 15 வேலை நாட்களுக்குள் அனுப்பவும் வேண்டும். அந்தச் சந்தையிலும் நீங்கள் விற்கிறீர்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை? நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. விலையையும் கிடைக்கும் காலத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் கேட்பவை நியாயமானவை. சாஃப்ட்னரையும் உப்புக் கரைசல் வால்வையும் திறந்து சோதிக்கத் தெரிந்த ஒரு மூத்த டெக்னீஷியனை அனுப்புங்கள். அவர் முன்னாலேயே தண்ணீரைச் சோதித்துக் காட்டத் தயாராக இருக்கிறேன். பழுதான சாஃப்ட்னர் பகுதியையும், அதனால் சேதமான ஹீட்டர்-பம்ப் பாகத்தையும் வாரண்டியில் கட்டணமின்றி மாற்றித் தாருங்கள். படிவு நீக்கும் பொடிக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தாருங்கள். தண்ணீரின் தரத்தால் ஏற்பட்ட பழுது என்ற வரியை ரத்து செய்து, திருத்திய அறிக்கை கொடுங்கள். அந்த வரி உங்கள் பதிவேட்டில் இருக்கும்வரை, நாளை வேறெந்தப் பாகம் போனாலும் அதையே காட்டுவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு ஆகிய இரண்டுக்குமாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்வேன். அந்த நிலை வராது என்று இன்னும் நம்புகிறேன். வேலை நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பிறகும், சனிக்கிழமை முழுவதும் வீட்டில் இருப்பேன். வரும் நாளை முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். இயந்திரத்தைத் திறக்கும்போது நான் உடனிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: விலைச்சீட்டு, வாரண்டி அட்டை, சர்வீஸ் அறிக்கைகள், தண்ணீர் சோதனை முடிவுகள், நிறைந்த உப்புத் தொட்டியின் புகைப்படங்கள்.