கதிர் விளையாடும் கேம்

வந்தவாசி,
ஜனவரி 18

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. வலிக்கிறது என்பார், நீ இளகிவிடாதே. இங்கே எல்லோரும் நலம். தேவிக்கு ஆரணிக்கு மாற்றல், தினமும் பஸ்தான். பெரியவள் ப்ளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

சரி, உன் மகன் கதிர் விஷயம். குற்றவாளியாக வேஷம் போட்டு விளையாடுகிற கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற வீடியோ கேமில், அதாவது ஜிடிஏ ஃபைவில், அவன் ரோட்டோரம் போன ஒரு பெண்மணியைக் காரால் இடித்துத் தூக்கிவிட்டுச் சிரித்ததாகவும், அன்று இரவு உனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். இவன் நாளைக்கு என்னவாக வருவான் என்று கேட்டிருந்தாய்.

ரௌடியாகிவிடுவானோ என்ற பயம் வேண்டாம். 2019-ல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 14, 15 வயது பிரிட்டிஷ் பிள்ளைகள் ஆயிரம் பேர் அளவில் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்று பெற்றோரிடமும் கேட்டார்கள். வன்முறை கேம் விளையாடுவதற்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் இன்னும் ஜாக்கிரதையாகப் பேசியது: கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு இருக்கிறது, நிஜமான வன்முறையோடு முடிச்சுப் போட ஆதாரம் போதாது. 2013-ல் வந்த ஜிடிஏ ஃபைவ் இதுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. விளையாடியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல ஆபீஸ் போய் வருகிறவர்கள்.

ஆனால் உன்னைத் தூங்கவிடாதது அந்தப் பயம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அவன் சிரித்ததுதான் உன்னை உறுத்துகிறது. அதைப் பற்றி ஆராய்ச்சிகள் எதுவும் சொல்லாது, நாம்தான் யோசிக்க வேண்டும்.

இதில் என்ன ஈர்ப்பு என்று உனக்கே தெரியும். பிரவுசிங் சென்டரில் ஜிடிஏவின் பழைய பாகமான வைஸ் சிட்டி விளையாடியவர்கள்தானே நாம். 1986-ன் மயாமி மாதிரி ஓர் ஊர், பூப்போட்ட சட்டையில் நாம் ஆடும் கதாநாயகன் டாமி வெர்செட்டி, கார் ரேடியோவில் பாட்டு. பேன்சர் என்று டைப் அடித்தால் டாங்கி வந்து நிற்கும். குற்றத்துக்குக் குற்றம் திரையில் நட்சத்திரம் ஏறி போலீஸ் துரத்தினால் பெயின்ட் கடைக்குள் காரை விடுவோம். கார் வேறு நிறத்தில் வெளியே வரும், கேஸும் முடிந்துவிடும். பிடிபட்டாலும் துப்பாக்கிகளும் கொஞ்சம் பணமும்தான் போகும், ஸ்டேஷன் வாசலில் மறுபடி நிற்போம். நமக்கு அப்போது யார் மேலும் கொலைவெறி கிடையாது. அரியர், அப்பாவின் கடன், இன்டர்வியூ என்று எதற்கெடுத்தாலும் யாரிடமாவது கைகட்டி நிற்க வேண்டியிருந்த வயது. அங்கே யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். அப்படிப்பட்ட ஊரிலும் நீ சிவப்பு விழுந்தால் காரை நிறுத்துவாய். பாட்டு முடியும்வரை கடற்கரையோரமாகவே ஓட்டிக்கொண்டிருப்பாய். பக்கத்து சீட்டுப் பையன்கள் கடுப்பாவார்கள்.

கதிர் இடித்த பெண்மணிக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை. கார் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் உடல்கூடக் கிடக்காது. பொம்மை எகிறி விழுந்த விதத்துக்குச் சிரித்திருப்பான், அவ்வளவுதான். நான் கவலைப்படும் இடம் வேறு. அதே கேமில் ட்ரெவர் என்ற கதாபாத்திரமாக ஒரு மனிதனைச் சித்திரவதை செய்கிற கட்டம் வரும். அரசாங்க உளவு ஆட்கள் நாற்காலியில் ஒருவனைக் கட்டி வைத்திருப்பார்கள். அவன் சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சிக்கொண்டே இருப்பான். மேஜையில் குறடு, ஸ்பானர், பேட்டரி கேபிள் எல்லாம் இருக்கும், எதை எடுப்பது என்று நீதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பல்லைப் பிடுங்க கன்ட்ரோலர் ஸ்டிக்கை அப்படியும் இப்படியும் ஆட்ட வேண்டும். இதயம் நின்றால் ஊசி போட்டு எழுப்பி மறுபடி தொடங்க வேண்டும். பிறகு ட்ரெவரே அவனை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவான், சித்திரவதையால் உண்மை வராது என்று வழியெல்லாம் பேசுவான். எழுதியவர்கள் அரசாங்கத்தைக் கண்டிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் கை கூசியது. தெருவில் எத்தனையோ பேரை இடித்தபோது ஒன்றும் ஆகாதவனுக்கு அந்த ஒரே ஆளிடம் ஏன் அப்படி ஆனது? அவனுக்கு முகம் இருந்தது, குரல் இருந்தது. வலி என் கட்டை விரல் அசைவோடு சேர்ந்து வந்தது. பேசுகிற பேச்சு கண்டிக்கிறது, விரலோ அடுத்து என்ன செய்யலாம் என்று தேடுகிறது. அந்தக் கட்டத்தை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

ஜிடிஏ செய்த அதே கம்பெனி 2018-ல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் டூ என்று ஒரு கேம் கொண்டுவந்தது. 1899-ன் அமெரிக்கா. நாம் ஆடும் ஆர்தர் மார்கன் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் அடியாள், கூட்டத்தில் ஒருவன் விடும் வட்டிக் கடனை வசூலிக்கவும் அவன்தான் போக வேண்டும். தாமஸ் டவுன்ஸ் என்ற நோயாளி விவசாயியின் வீட்டுக்குப் போய், மனைவி பார்க்க, நீ அவனை அடிக்கிறாய். அவன் இருமுகிறான், ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. விளையாடும்போது அதைக் கவனிக்கக்கூட மாட்டாய். பல மணி நேரம் கழித்து ஆர்தர் இரும ஆரம்பிப்பான். டாக்டர் காசநோய் என்பார். பிறகு ஒரு சுரங்க ஊரில் செத்துப்போன டவுன்ஸின் மனைவி உடலை விற்றுப் பிழைப்பதையும், மகன் சுரங்கத்தில் வேலை செய்வதையும் பார்ப்பாய். அவள் ஆர்தரை மன்னிப்பதில்லை. அவன் பணம் கொடுத்து ஊரை விட்டு அனுப்புகிறான், அவ்வளவுதான் முடிகிறது. அதே கேமில் வழியில் போகிற யாருக்கும் வணக்கம் சொல்ல ஒரு பட்டன், வம்பிழுக்க ஒரு பட்டன். ஆர்தர் டாக்டரிடம் போய் வந்த பிறகு நான் வணக்கம் சொல்லிக்கொண்டே போனேன்.

இதையெல்லாம் யோசித்தபோது நம் ஊர் பாரதத் தெருக்கூத்து நினைவுக்கு வந்தது. திரௌபதியின் துகிலுரியும் கூத்தில் துச்சாதனன் வேஷம் கட்டியவர், திரௌபதியின் புடவையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவாரே. அதற்குப் பிறகு அவர் இழுக்கிற இழுப்பில் ஒரு குறையும் இருக்காது. கெட்டவனாக ஆடக் கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கெட்டவன் இல்லாமல் கூத்தே இல்லை. ஆனால் எதிரே நிற்பது யார் என்று தெரிந்துகொண்டு ஆடுகிறார். குற்றவாளி வேஷம் போடுகிற கேமிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். டவுன்ஸ் குடும்பத்தை மறுபடி நம் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது அந்த கேம் இதைச் செய்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கதிருக்கு 14 வயது. இப்போதைக்கு ஜிடிஏவை எடுத்து வை என்றுதான் சொல்வேன். ஐரோப்பாவில் அதற்கு 18 என்றும், அமெரிக்காவில் 17 என்றும் ரேட்டிங் போட்டது சும்மா இல்லை. சித்திரவதைக் கட்டத்தை இந்த வயதில் அவன் கை பழகுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆன்லைனில் முகம் தெரியாத பெரியவர்களோடு பேசிக்கொண்டு விளையாடுவதும் வேண்டாம். ரெட் டெட்டும் 18-தான், உடனே அதை வாங்கிக் கொடுத்துவிடாதே. ஒளித்து வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் எடுக்கிறாய் என்று சொல். நாம் வைஸ் சிட்டி விளையாடியதையும் சொல். நீ கேமே தெரியாத அப்பா என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால் எந்தப் பேச்சும் ஏறாது.

சித்திரையில் ஊரில் பாரதம் வைப்பதாகப் பேச்சு. தேதி தெரிந்ததும் போன் பண்ணுகிறேன். கதிரையும் அழைத்துக்கொண்டு வா, துகில் அன்று ராத்திரி முழுக்க அவனும் நம்மோடு உட்காரட்டும். அம்மா அதற்குள் நடந்துவிட்டால் அவரையும் கூட்டி வரலாம், மாடி ஏற வேண்டாம், கீழ் அறையை ஒழித்துக் கொடுக்கிறேன். லீவு சமயம் என்பதால் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடு.

அன்புடன்,
ரமணி