வண்டி பேச வருகிறவர்களுக்கு ஒரு வேன் டிரைவரின் திறந்த மடல்

சுற்றுலா வேனோ காரோ பேசி, குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிற பெரியவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலியில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன் எழுதுகிறேன். தூக்கக் கலக்கத்தில் நடக்கும் விபத்துகளைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதலாம், ஆர்டிஓவுக்கு எழுதலாம், வண்டி முதலாளிகளுக்கு எழுதலாம். ஆனால் ஒரு வாடகை வேன் டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்குவான் என்பதை முடிவு செய்கிறவர்கள் இவர்களில் யாரும் இல்லை. புரோகிராம் போடுகிற நீங்கள்தான். அதனால் மடலும் உங்களுக்குத்தான்.

வண்டி பேசும்போது நீங்கள் வழக்கமாகச் சொல்வது இது: "ராத்திரி பதினோரு மணிக்குக் கிளம்பினா விடியுமுன்ன பழனி. சாமி கும்பிட்டுட்டு, வர்ற வழியில திருப்பரங்குன்றமும் பாத்துட்டு, ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்திரலாம். ரூம் எதுக்கு?" ரூம் வாடகை மிச்சம், ஒரு நாள் லீவும் மிச்சம். இன்னும் சிலர் இரண்டே நாளில் அறுபடை வீடு என்பார்கள். திருச்செந்தூரில் ஆரம்பித்துத் திருத்தணியில் முடித்தால், அங்கிருந்து திருநெல்வேலி திரும்பவே 600 கிலோமீட்டருக்கு மேல். வாடகை நாள் இரவு 12 மணியோடு முடிகிறது. அதனால் கடைசி நேரத்தில் பின்சீட்டில் மணி பார்ப்பது தொடங்கிவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் இன்னொரு நாள் வாடகை ஆயிற்றே. "கொஞ்சம் அழுத்துங்க தம்பி."

உங்கள் புரோகிராமில் எல்லாம் இருக்கும். புளிச்சோறு எந்த வாளியில், பாட்டியின் பிரஷர் மாத்திரை யார் பையில், வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எந்த ஜன்னல் என்பது வரை பேசி வைத்திருப்பீர்கள். டிரைவர் எப்போது படுப்பார் என்ற ஒன்று மட்டும் இருக்காது. கேட்டால், "நாங்க சாமி பாத்துட்டு வர மூணு மணி நேரம் ஆகும், நீங்க நிம்மதியா தூங்குங்க" என்பீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? பார்க்கிங் டோக்கன்காரர் கண்ணாடியைத் தட்டி, வண்டியை இன்னும் தள்ளிப் போடச் சொல்வார். பத்து மணி வெயிலில் தகரம் கொதிக்கும். என்ஜினை ஆஃப் பண்ணினால் ஏசி இல்லை, ஓட விட்டால் டீசலுக்கு முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் உங்கள் சாமான்களுக்கு யார் பொறுப்பு? ஒருவழியாகக் கண் அசரும்போது போன் வரும். "டிரைவர், பாட்டியால நடக்க முடியல, வண்டிய அடிவாரத்துக்குக் கொண்டு வாங்க."

கல்யாண வீட்டுப் பந்தியில் எங்களையும் உட்காரவைத்துப் பாயசம் வரை போடச் சொல்கிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டை மறக்காதவர்கள் பாயை மறந்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்தும், இன்னொரு முறை மது கொடுத்தும் அவர்களின் நிதானத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிதானத்தைப் போலத்தான் இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கான வரம்பு 30 மில்லிகிராம். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் லோக்கல் ஓட்டம் ஓட்டிய டிரைவர் இரவு பதினோரு மணிக்கு உங்கள் வாசலில் ஹாரன் அடிக்கிறார் என்றால், அப்போதே 17 மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு சொட்டு குடிக்காமலே வரம்பைத் தாண்டியவரைப் போல இருக்கிறார். வாயில் வாடை வந்தால் நீங்கள் வண்டியில் ஏற மாட்டீர்கள். கண் சிவந்திருந்தால் "பாவம், அலைச்சல் போல" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிடுகிறீர்கள்.

தூங்கி விழுவது என்றால் குறட்டை விட்டுத் தூங்குவது என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. கண் திறந்தபடியே மூளை மூன்று நான்கு விநாடி நின்றுபோகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி என்றால் ஏறக்குறைய 90 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் இண்டிகேட்டர் போடாமல் ஓரத்தில் நிற்கிற லாரி ஒன்று போதும். பிரேக் தேய்ந்த தடம்கூட ரோட்டில் இருக்காது. அதற்கு முன்னாலேயே அறிகுறி காட்டும். கடைசியாகத் தாண்டிய டோல்கேட் நினைவில் இருக்காது, ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் டயர் ஏறி 'தடதட' என்று சத்தம் வரும், காரணமில்லாமல் வேகம் கூடும், குறையும். அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிற நேரம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை இன்னொரு சரிவு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கல்யாணச் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக் கிளம்புகிற நேரமும் சரியாக அதுதான்.

முன்சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது என்று எல்லா டிரைவர்களும் சொல்வார்கள். பக்கத்தில் ஒருவர் தலை சாய்ந்தால் நமக்கும் இழுக்கும். "நான் பேசிக்கிட்டே வாரேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று மீசையை முறுக்கி ஏறுகிற மாமா கயத்தாறு வருவதற்குள் என் தோளில் சாய்ந்திருப்பார்.

சரி, டீ குடித்தால் போதாதா, முகம் கழுவினால் போதாதா? நம் மாநிலத்தில் சில மாவட்டங்களில் போலீசாரே நடு ராத்திரியில் வண்டியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அக்கறையான காரியம், வணங்குகிறேன். ஆனால் தண்ணீரின் குளிர்ச்சி சில நிமிஷம். ஜன்னலைத் திறந்து பாட்டைச் சத்தமாக வைப்பதும் அப்படித்தான். காபி வேலை செய்யவே இருபது முப்பது நிமிஷம் ஆகும். உருப்படியாக உதவுவது, டீயைக் குடித்துவிட்டு ஓரமாக வண்டியைப் போட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடுவது. அதுவும் தூக்கக் கடனை அடைக்காது, வட்டி கட்டின மாதிரிதான். அந்த இருபது நிமிஷத்தில் பின்னால் யாராவது "ஏன் நிக்குது?" என்று கேட்காமல் இருக்க வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். விபத்து நடந்தால் எஃப்ஐஆரில் எழுதுவது பெரும்பாலும் ஒரே வாசகம்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து." டிரைவர் முப்பது மணி நேரம் தூங்கவில்லை என்பது அதில் வராது. மத்திய அரசின் சாலை விபத்துப் புள்ளிவிவரத்தில் 2022இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். விபத்துக்கு எந்த விதிமீறல் காரணம் என்ற பட்டியலில் அதிவேகம் உண்டு, குடி உண்டு, செல்போன் உண்டு, தவறான பக்கம் போனது உண்டு. தூக்கத்துக்கு என்று தனிக் கட்டம் இல்லை. 'அதிவேகம்', 'மற்றவை' இரண்டுக்குள்ளும் எத்தனை தூக்கம் புதைந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கட்டம் இல்லை என்பதால் தண்டனை இல்லை என்று ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் 106ஆம் பிரிவுப்படி, அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால் ஐந்து வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு வருஷமாக இருந்தது. கொடுங்காயம் என்றால் 125ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை. யாருக்கும் அடிபடாவிட்டாலும் தாறுமாறாக ஓட்டியதற்கு 281ஆம் பிரிவு இருக்கிறது. லைசென்ஸை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் உண்டு. லைசென்ஸ் போனால் எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாது. "ஐயா, தன்னை அறியாமல் தூங்கிவிட்டேன்" என்று கோர்ட்டில் சொன்னால் தப்பிக்கலாம் என்று எங்கள் ஸ்டாண்டிலேயே சிலர் நம்புகிறார்கள். அது நடக்காது. தூங்கிய அந்த நொடியை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. தூக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினானே, அஜாக்கிரதை அங்கேதான் தொடங்குகிறது.

குடித்துவிட்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். அதைப் பிடிக்க ஊதும் கருவி இருக்கிறது. தூக்கத்தைப் பிடிக்க எந்த செக்போஸ்ட்டிலும் கருவி இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 91ஆம் பிரிவைப் பாருங்கள். வாடகை வண்டி ஓட்டுகிறவரின் வேலை நேரம் 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டம் சொன்னது: நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு, ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் ஒன்பது மணி நேரம் இடைவெளி. 2020இல் இயற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது, எட்டு மணி நேரம் அதிலும் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் பழசான கணக்கு இது. உங்கள் பழனி புரோகிராமை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு உங்களுக்கானது. அபாயகரமாக ஓட்டத் தூண்டுகிறவருக்கும் ஓட்டினவருக்குரிய அதே தண்டனை என்கிறது. "அழுத்துங்க தம்பி" என்றதற்காகப் பின்சீட்டுக்காரர் மேல் கேஸ் போட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் டிரைவர் தலையில்தான் முடியும். விபத்து நடந்தால் உங்களுக்கு நஷ்டஈடு கேட்க உரிமை இருக்கிறது, வண்டி முதலாளியும் இன்சூரன்ஸும் பதில் சொல்ல வேண்டும், அது நியாயம்தான். ஸ்டியரிங் பிடித்தவன் மட்டும் கோர்ட் வராந்தாவில் வருஷக்கணக்கில் நிற்பான், உயிரோடு இருந்தால். வாடகை குறைவு என்று ஓன் போர்டு வண்டியை, அதாவது வாடகைக்கு ஓட்ட பெர்மிட் இல்லாத சொந்த உபயோக வண்டியைப் பேசியிருந்தால் உங்கள் நஷ்டஈட்டுக்கும் இன்சூரன்ஸ்காரர்கள் தகராறு பண்ணுவார்கள், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தையும் மறைக்கப் போவதில்லை. தூக்கம் வருகிறது என்று டிரைவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டோம். சொன்னால் "அந்த ஆளு தூங்கி வழியுறான்" என்ற பேர் வரும், அடுத்த சவாரி வேறு ஒருத்தனுக்குப் போகும். சபரிமலை சீசனில் நிலக்கல்லில் வண்டியைப் போட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் கிடந்து, ஊர் திரும்பிய அன்றைக்கே முதலாளி அடுத்த குரூப்புக்குக் கைகாட்டினால் "சரிண்ணே" என்று ஏறுகிறவர்கள் நாங்கள். பேட்டாவை விட முடியாது. லாரிக்காரர்கள் கதையும் இதேதான். நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர் கட்டாயம் என்று விதி இருந்தது, அதையும் 2018இல் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே வண்டி பேசும்போது ஏசி வேலை செய்யுமா, புஷ்பேக் சீட்டா என்று கேட்பதோடு, "டிரைவர் நேத்து எங்க போயிட்டு வந்தார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதலாளி திணறினால் வேறு வண்டி பாருங்கள். ராத்திரிப் பயணம் தவிர்க்கவே முடியாது என்றால் இரண்டாவது டிரைவரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஆள் பேட்டாதான் கூடும், அதுவும் உங்கள் பதினைந்து பேருக்குப் பிரிந்து போகும். முடிந்தால் விடியக்காலம் நாலரை ஐந்துக்குக் கிளம்புகிற மாதிரி வைத்துக்கொண்டு, டிரைவரை முந்தின நாள் லோக்கல் ஓட்டத்துக்கு அனுப்பக் கூடாது என்று முதலாளியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

லாட்ஜ் போட்டால் டிரைவர் படுக்க இடம் எங்கே என்று ரிசப்ஷனிலேயே கேளுங்கள். விடுதிகளில் டிரைவர்களுக்குத் தங்கும் இடம் வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியிருக்கிறது. நாங்கள் கேட்டால் பார்க்கிங்கைக் காட்டுவார்கள். ரூம் எடுத்த நீங்கள் கேட்டால் சாவி வரும்.

வருகிற தை முகூர்த்தங்களுக்கு இப்போதே போன் வரத் தொடங்கிவிட்டது. என்னிடம் வருகிறவர்களிடம் கிளம்பும் நேரத்தைவிட, திரும்பும் நேரத்தைத்தான் முதலில் கேட்கிறேன். ராத்திரியே போய் மறுநாள் ராத்திரியே திரும்ப வேண்டும் என்றால் இரண்டு டிரைவர் பேட்டா சேர்த்துத்தான் ரேட் சொல்வேன். டீசல், டோல், பார்க்கிங் எதில் வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், அந்த ஒன்றில் மட்டும் குறைத்துக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்டாண்டில் உங்கள் போனுக்குக் காத்திருக்கும் ஒரு டிரைவர்